வீட்டின் பின்விறாந்தையில் நடக்கும் தொழிலுக்குக் காப்புறுதி உண்டா?

வாசகர் கேள்வி – பதில்

மாரி தொடங்குவதற்கு முன்னர் இம்முறை வந்து சேர்ந்த கடிதங்களுள் நான்கு ஒரே விடயத்தையே வெவ்வேறு பக்கங்களிலிருந்து கேட்கின்றன. அவற்றுள் கரவெட்டியிலிருந்து வந்த முதலாவது கடிதத்துக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். ஏனைய மூவரும் அந்தப் பதிலையும் சேர்த்து வாசிக்கவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: நான் கரவெட்டியில் எனது சீதன வீட்டில் பதினொரு வருடங்களாகப் பனையோலைக் கைப்பணி செய்து வருகிறேன். பின்விறாந்தையிலும், அதனோடு ஒட்டிப் போட்டிருக்கும் ஓலைக் கொட்டிலிலும் வேலை நடக்கிறது. அயலிலுள்ள நான்கு பெண்கள் நாளாந்தம் வந்து பெட்டி, கடகம், சுளகு, கைப்பை என்பவற்றைப் பின்னித் தருகிறார்கள். பைகளுக்குத் துணி வைத்துத் தைக்க இரண்டு மின் தையல் இயந்திரங்கள் இருக்கின்றன. சாயம் காய்ச்சுவதற்குக் காஸ் அடுப்பும் விறகடுப்பும் பாவிக்கிறோம். கனடாவிலுள்ள தம்பி மூன்று வருடங்களுக்கு முன்னர் வீட்டுக்குக் காப்புறுதி எடுத்துத் தந்து, கட்டுப்பணத்தையும் அவரே செலுத்துகிறார். வீட்டுக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் காப்பு உண்டு என்று முகவர் சொன்னார். எனது தொழிற்பொருட்களும் அதற்குள் அடங்குமா? (வாசகி, கரவெட்டி)

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்க்கும்போது, உங்கள் தொழிற்பொருட்களுக்கு இன்று காப்பு இல்லை என்று எண்ணிக்கொண்டு செயற்படுவதே பாதுகாப்பானது. வீட்டுக் காப்புறுதி என்பது குடியிருப்பதற்காக எழுதப்பட்ட ஒப்பந்தமாகும். கட்டில், அலுமாரி, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி போன்ற வீட்டுத் தளபாடங்களையே அது மனத்திற் கொள்கிறது. விற்பனைக்காக வைத்திருக்கும் சரக்கு, தொழிலுக்கான இயந்திரங்கள், மூலப்பொருட்கள் ஆகியவற்றைப் பெரும்பாலான வீட்டுக் காப்புறுதிப் பத்திரங்கள் வெளிப்படையாகவே விலக்கிவிடுகின்றன. ‘வீட்டுக்குள் இருக்கும் எல்லாம்’ என்று முகவர் சொன்னது அவருடைய வாய்ச்சொல். கோரிக்கை ஒன்று எழும்போது கம்பனி எடுத்துப் பார்ப்பது பத்திரத்தையும், காப்புறுதி கேட்டு நீங்கள் நிரப்பிக் கையொப்பமிட்ட முன்மொழிவுப் படிவத்தையுமே.

இழப்பு தொழிற்பொருட்களுடன் நின்றுவிட்டால்கூட ஒருவகையில் ஆறுதல் அடையலாம். எனக்குக் கவலை தருவது அதனிலும் பெரியது. ஓலை குவித்து வைத்திருக்கும் கொட்டில் ஒன்றில் அடுப்பெரித்துச் சாயம் காய்ச்சும் வீடும், ஒரு குடும்பம் சமைத்து உண்டு உறங்கும் வீடும் தீ ஆபத்தைப் பொறுத்தவரையில் ஒன்றல்ல. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டத்தின் வழியாக, தீக் காப்புறுதி தொடர்பான ஆங்கிலச் சட்டக் கோட்பாடுகள் இலங்கைக்குள் வந்தன. அவற்றுள் தலையாயது, காப்புறுதி எடுப்பவர் ஆபத்தின் அளவைத் தீர்மானிக்க உதவும் எந்தச் செய்தியையும் மறைக்காமல், கேட்டாலும் கேட்காவிட்டாலும், முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும் என்பது. உங்கள் படிவத்தில் ‘குடியிருப்புக்கு மட்டும்’ என்று எழுதப்பட்டிருந்து, கொட்டிலில் தொடங்கிய தீ வீட்டின் கூரையைப் பிடித்தால், கூரைக்கான இழப்பீட்டையும் கம்பனி மறுக்க இடமுண்டு. தம்பி மூன்று வருடங்களாகக் கட்டிய பணம் அந்நேரத்தில் உங்களுக்குத் துணைநிற்காமற் போகலாம்.

ஆகவே முதல் வேலை, கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதுவது. முகவரிடம் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். வீட்டில் இன்ன கைப்பணி நடக்கிறது, இத்தனை பேர் வேலை செய்கிறார்கள், கொட்டிலின் கூரை ஓலையால் வேயப்பட்டது, சாயம் காய்ச்ச இன்ன அடுப்பு பாவிக்கப்படுகிறது, இவ்வளவு பெறுமதியான ஓலையும் முடிவுப்பொருளும் இருக்கின்றன என்று எழுதி, பதிவுத் தபாலில் கிளைக்கு அனுப்பி, பிரதியையும் தபாற் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கம்பனி மூன்றில் ஒன்றைச் செய்யும்: இருக்கும் பத்திரத்துடன் ஓர் இணைப்புக் குறிப்பைச் சேர்த்து மேலதிகக் கட்டுப்பணம் கேட்கும், அல்லது சிறு வணிகங்களுக்கான தனியான தீக் காப்புறுதியை எடுக்கச் சொல்லும், அல்லது மறுக்கும். மறுத்தாலும் அது உங்களுக்கு நன்மையே, ஏனென்றால் இன்றே வேறு கம்பனியைத் தேடலாம்.

ஓலைக் கொட்டிலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சுவரும் கூரையும் எதனால் ஆனவை என்பதைப் பார்த்தே கம்பனிகள் கட்டணத்தைத் தீர்மானிக்கின்றன. ஓட்டுக் கூரையும் சீமெந்துச் சுவரும் கொண்ட கட்டடத்தையும், ஓலைக் கூரை கொண்ட கொட்டிலையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. உங்கள் கொட்டில் வீட்டுச் சுவரோடு ஒட்டியிருக்கிறது. சாயம் காய்ச்சும் அடுப்பை வளவின் மறுபக்கத்துக்கு, கிணற்றடிக்கு அண்மையாக மாற்றி, கொட்டிலுக்குத் தகரமோ ஓடோ போட்டு, உலர்தூள் தீயணைப்பான் ஒன்றையும் வாங்கி வைத்தால், கம்பனியிடம் பேசும்போது உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். கட்டுப்பணம் எவ்வளவு குறையும் என்பதைவிட, காப்புறுதி கிடைக்குமா என்ற கேள்விக்கே இது முக்கியம்.

அடுத்தது, எந்த ஆபத்துகளுக்காக எடுப்பது என்பது. தீக் காப்புறுதியின் அடிப்படைப் பத்திரம் தீயையும் மின்னலையும்தான் முதலிற் கருதுகிறது. வெள்ளம், புயல், வெடிப்பு, களவு போன்றவை விரும்பிச் சேர்த்துக்கொள்ளவேண்டியவை. கலவரம், பயங்கரவாதம் என்பவற்றுக்கான காப்பு தேசியக் காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாகத் தனிக் கட்டணத்துடன் வழங்கப்படுகிறது. 2008 இல் நிஷா புயலும் 2020 இல் புரேவிப் புயலும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எத்தனை வளவுகளைக் குளமாக்கின என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அப்படியிருந்தும், கட்டுப்பணத்திற் சில நூறு ரூபாயைக் குறைப்பதற்காக வெள்ளக் காப்பைத் தவிர்த்தவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். பனையோலைத் தொழிலில் அது பெரும் பிழை. சார்வோலையை வெயில் காலத்தில் வாங்கி, வார்ந்து, காயவைத்து, மாரிக்கெனச் சேமிக்கிறீர்கள். ஆதலால் கார்த்திகையில், மழை உச்சத்தில் இருக்கும்போதுதான் உங்கள் வீட்டில் ஓலையின் இருப்பும் உச்சத்தில் இருக்கிறது.

காஸ் சிலிண்டர் வெடித்தல் அடங்குமா என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 2021 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாடெங்கும் வீடுகளில் நடந்த காஸ் வெடிப்புகளை நாங்கள் மறந்துவிடக்கூடாது. தையல் இயந்திரத்தில் மின்னொழுக்கு ஏற்பட்டு அதன் மோட்டார் மட்டும் எரிந்தால், அது பொதுவாகத் தீக் காப்புறுதிக்குள் வராது. அதற்கென ஒரு வாசகம் சேர்க்கப்படவேண்டும். மோட்டாரில் தொடங்கிய தீ விறாந்தைக்குப் பரவினால், பரவிய தீயின் சேதம் அடங்கும்.

ஈரக்கசிவு, பூஞ்சணம், செல்லரித்தல், வண்டு குத்துதல் ஆகியவை மெல்ல மெல்ல ஏற்படும் சேதங்கள். இவற்றுக்கு எந்தக் கம்பனியும் பணம் தராது என்று வைத்துக்கொள்ளலாம். புரேவி மழைக்குப் பின்னர் தென்மராட்சிப் பக்கம் ஒரு பெண்ணின் கோரிக்கைக்கு உதவியாக நானும் போயிருந்தேன். சேதத்தைக் கணக்கிடக் கம்பனி அனுப்பிய நட்ட மதிப்பீட்டாளர் நிலத்தில் கிடந்த சார்வோலைக் கட்டு ஒன்றைத் தூக்கினார். அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கட்டைப் பிரித்தபோது நடுவிலே சில ஓலைகளில் கரும்பூஞ்சணம் படர்ந்திருந்தது. வெள்ளம் புகுந்து மூன்று நாட்களே ஆகியிருந்த நிலையில், இந்தப் பூஞ்சணம் அதற்கு முன்னரே பிடித்தது அல்லவா என்று அவர் கேட்டார். அந்தப் பெண் உள்ளே போய் ஒரு எண்பது பக்கக் கொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். எந்தக் கட்டு எப்போது வாங்கியது, எப்போது காயவைத்தது, எத்தனை கிலோ, என்ன விலை என்று சாயம் படிந்த விரலடையாளங்களுடன் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதப்பட்டிருந்தது. பூஞ்சணம் பிடித்த கட்டு ஒன்றுதான் பழையது என்பதும், ஏனையவை ஐப்பசியிற் காயவைத்தவை என்பதும் அதிலிருந்து தெளிவாயிற்று. பழைய கட்டைக் கழித்துவிட்டு மற்றவற்றை மதிப்பீட்டாளர் ஏற்றுக்கொண்டார். உங்களுக்கும் அப்படி ஒரு கொப்பி வேண்டும். மாதம் ஒருமுறை ஓலைக் கட்டுகளையும் அலுமாரியையும் இயந்திரங்களையும் கைத்தொலைபேசியிற் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பிவையுங்கள். வீடு வெள்ளத்தில் நின்றாலும் படங்கள் கனடாவில் பத்திரமாக இருக்கும்.

இனித் தொகை. எங்கள் மக்கள் அதிகம் நட்டப்படுவது இவ்விடத்திலேயே என்பதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். உங்களிடம் எட்டு இலட்சம் ரூபாய் பெறுமதியான ஓலையும் முடிவுப்பொருளும் இருக்க, கட்டுப்பணத்துக்கு அஞ்சி நான்கு இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி எடுக்கிறீர்கள் என்று கொள்வோம். வெள்ளத்தில் மூன்று இலட்சம் ரூபாய்ச் சரக்கு அழிகிறது. நான்கு இலட்சத்துக்குக் காப்பு இருப்பதால் மூன்று இலட்சமும் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். கிடைக்காது. பெறுமதியில் அரைவாசிக்கே காப்புறுதி செய்திருப்பதால் இழப்பிலும் அரைவாசியாகிய ஒன்றரை இலட்சம்தான் கணக்கில் வரும். இதனையே சராசரி விதி என்பார்கள். அதிலிருந்து, ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்கள் தாங்கவேண்டும் என்று பத்திரத்திற் குறித்திருக்கும் தொகையும் கழிக்கப்படும். 2022 இல் விலைவாசி ஏறிய வேகத்துக்குப் பின்னர், அதற்கு முந்திய தொகையிலேயே வருடாவருடம் புதுப்பிக்கப்படும் பத்திரங்கள் அனைத்தும் இந்தக் குறைக்காப்புறுதி நிலையில் இருக்கக்கூடும். கட்டடத்துக்கும் இது பொருந்தும். காணியின் விலையைக் கட்டடத் தொகைக்குள் சேர்க்கவேண்டாம், காணி எரிவதில்லை. இடிந்தால் திரும்பக் கட்ட இன்றைய சீமெந்து, கம்பி, கூலி விலையில் எவ்வளவு ஆகும் என்பதே கணக்கு. முடிவுப்பொருட்களை விற்பனை விலையில் அல்லாமல், செய்து முடிக்க ஆன செலவில் மதிப்பிடுவதே வழக்கம்.

வேலைக்கு வரும் நான்கு பெண்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கொதிக்கும் சாயப் பாத்திரம் ஒருவரது காலிற் கவிழ்ந்தால் அந்தச் செலவை யார் ஏற்பது? 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது வேலையின் காரணமாக நேரும் காயத்துக்கு வேலை கொடுப்பவரைப் பொறுப்பாக்குகிறது. அயல், உறவு என்பதாலோ, கூலி துண்டுக் கணக்கிற் கொடுக்கப்படுகிறது என்பதாலோ அந்தப் பொறுப்பு உங்களைத் தொடாது என்று இருந்துவிடவேண்டாம். தொழிற்சரக்குக்குக் காப்புறுதி எடுக்கும்போதே வேலையாட்களுக்கான காப்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: திருநெல்வேலியில், லண்டனில் வசிக்கும் ஒருவரது வீட்டில் வாடகைக்கு இருந்து ஆரி வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்கள் கூறைச்சேலைகளையும் சட்டைத் துணிகளையும் என்னிடம் தந்துவிட்டுப் போவார்கள். வீடு எனதல்ல என்பதால் காப்புறுதி எடுக்க முடியாது என்று ஒருவர் சொல்கிறார். இது சரியா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: பாதி சரி. ஒரு பொருள் அழிந்தால் உங்களுக்குப் பணநட்டம் ஏற்படும் என்ற தொடர்பு இருந்தால்தான் அதற்கு நீங்கள் காப்புறுதி எடுக்கலாம். கட்டடம் லண்டனில் இருப்பவருக்கு உரியது, ஆகவே கட்டடத்துக்கான காப்புறுதியை அவரே எடுக்கவேண்டும். உங்கள் இயந்திரம், சட்டகங்கள், நூல், மணி, கற்கள் என்பன உங்களுடையவை. அவற்றுக்கு நீங்கள் தாராளமாக எடுக்கலாம். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் வீட்டில் தையல் வேலை செய்ய உரிமையாளர் சம்மதித்திருக்கிறார் என்று ஒரு வரியும் இருக்கட்டும். கரவெட்டி வாசகிக்கு வீடு சீதனமாக அவரது பெயரிலேயே இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் தாய் தொழில் செய்ய, வீடு மகளின் பெயரில் உறுதி எழுதப்பட்டிருக்கும் குடும்பங்கள் எங்கள் ஊரில் அதிகம். அங்கே தாயின் பெயரில் எடுக்கப்பட்ட கட்டடக் காப்புறுதி கேள்விக்குள்ளாகும்.

உங்களுக்கு உண்மையான ஆபத்து கூறைச்சேலைகளில் இருக்கிறது. அவை உங்கள் சரக்கும் அல்ல, வீட்டுப் பொருளும் அல்ல. உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பிறர் பொருட்கள். பத்திரத்தில் ‘பொறுப்பில் வைத்திருக்கும் பிறர் பொருட்கள்’ என்று தனியாகக் குறிக்கப்பட்டு, அதற்கென ஒரு தொகையும் எழுதப்பட்டிருந்தாலன்றி அவற்றுக்குக் காப்பு இல்லை. கலியாண மாதங்களில் ஒரே நேரத்தில் உங்கள் அலுமாரியில் எத்தனை கூறைகள் தொங்குகின்றன என்று எண்ணிப் பார்த்து, அந்த உச்சத் தொகைக்கே எடுக்கவேண்டும். சேலையை வாங்கும்போது அதன் விலையை எழுதி, தருபவரின் கையொப்பத்துடன் ஒரு சீட்டுக் கொடுப்பதை இன்றிலிருந்தே பழக்கமாக்குங்கள்.

கேள்வி: கைதடியிற் செய்யும் பனம்பொருட்களுக்கு வீட்டு முகவரியில் காப்புறுதி எடுத்திருக்கிறேன். நல்லூர்த் திருவிழாக் காலத்திலும், தை மாதத்தில் முற்றவெளியில் நடக்கும் வர்த்தகக் கண்காட்சியிலும் கடை போடுகிறேன். அங்கே களவு போனால் பணம் கிடைக்குமா? (வாசகர், கைதடி)

பதில்: பத்திரத்தில் எழுதியுள்ள முகவரிக்கு வெளியே கொண்டுபோன பொருளுக்கு, அப்படிக் கொண்டுபோவதைக் கம்பனி ஏற்று எழுதித் தந்திருந்தாலன்றிக் காப்பு இல்லை. நல்லூரின் இருபத்தைந்து நாட்களுக்கும் கண்காட்சி நாட்களுக்கும், அந்த இடங்களையும் காப்புக்குள் சேர்க்கும் இடநீட்டிப்புக் கேட்கலாம். ஏற்றியிறக்கும் வழியில் நேரும் சேதத்துக்குப் போக்குவரத்துக் காப்பு வேறானது. களவைப் பொறுத்தவரையில், பூட்டையோ கதவையோ உடைத்து நுழைந்ததற்கான அடையாளம் இருக்கவேண்டும் என்பதே பெரும்பாலான பத்திரங்களின் நிபந்தனை. படங்கு கட்டிய கடையில் சனநெரிசலுக்குள் ஒருவர் எடுத்துக்கொண்டு போனால் அந்த நிபந்தனை நிறைவேறாது. ஆதலால் விலையுயர்ந்த பொருட்களை இரவில் கடையில் விட்டுவிட்டு வரவேண்டாம். வெளிநாட்டுக்கு அனுப்பும் பொருட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: உங்கள் பத்திரம் இலங்கைக்குள் நேரும் இழப்புக்கானது. ரொறன்ரோவுக்கு அனுப்பும் பெட்டிக்கு அனுப்புகைக் காப்பை அனுப்பும் நிறுவனத்திடமே கேட்டு எடுங்கள்.

கேள்வி: பருத்தித்துறையில் வீட்டோடு தையற்கூடம் வைத்திருக்கிறேன். தொழிலைத் தெரிவித்தே காப்புறுதி எடுத்தேன். மழைநீர் புகுந்து துணிகள் பழுதானதற்கு நான் கேட்ட இழப்பீட்டைக் கம்பனி தொலைபேசியில் மறுத்துவிட்டது. இனி என்ன செய்வது? (வாசகி, பருத்தித்துறை)

பதில்: தொலைபேசி மறுப்பை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த வாசகத்தின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் தரும்படி கேட்டுக் கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் கடிதம் அனுப்புங்கள். அந்தப் பதில் வரும்வரை பழுதான துணிகளை எறிந்துவிடவோ மலிவாக விற்றுவிடவோ வேண்டாம். மதிப்பீட்டாளர் இன்னும் வராதிருந்தால் அவை மட்டுமே உங்கள் சாட்சி. கூரையோ பீலியோ பழுதாகி நீண்டநாள் ஒழுகியதால் ஏற்பட்ட சேதம் என்று அவர்கள் சொல்லக்கூடும். வெள்ளம் அன்றுதான் புகுந்தது என்பதைக் காட்டக் கிராம அலுவலரின் கடிதமும், அன்றைய திகதியுடன் எடுக்கப்பட்ட படங்களும், அயல்வீட்டாரின் எழுத்துமூல வாக்குமூலமும் உதவும்.

எழுத்தில் இறுதி மறுப்புக் கிடைத்து, அது நியாயமில்லை என்று நீங்கள் கருதினால், காப்புறுதிக் கம்பனிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்க் காப்புறுதிக் கம்பனிகளை மேற்பார்வை செய்யும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள். தொழில் வங்கிக் கடனில் தொடங்கப்பட்டு, பத்திரத்தில் வங்கியின் பெயரும் இருந்தால், முறைப்பாட்டின் பிரதியை வங்கி முகாமையாளருக்கும் கொடுங்கள். இழப்பீட்டுப் பணம் முதலில் வங்கிக்கே போகும் என்பதால், அது கிடைப்பதில் வங்கிக்கும் அக்கறை உண்டு. முறைப்பாட்டுடன் முன்மொழிவுப் படிவத்தின் பிரதியை இணைக்க மறக்காதீர்கள். உங்களிடம் இல்லையென்றால் கம்பனியிடம் கேட்டுப் பெறுங்கள். தொழிலைத் தெரிவித்தே எடுத்தேன் என்ற உங்கள் வார்த்தைக்கு அந்தத் தாள்தான் ஆதாரம்.